தனக்கு வேண்டாத விளக்கு

தமிழ்த்துறை மலரில் பழைய டிராக்டரின் மின்கோளாறு பற்றி யாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். எம் வகுப்பில் அமர்ந்து இலக்கணம் கேட்கும் மாணவருள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்தம் வீட்டு வாசலில் நிற்கும் எந்திரத்தைப் பற்றிப் பேசவும் தமிழ் வேண்டுமன்றோ? அன்றியும், இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. அது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும். உழுவுந்து, இழுவை எந்திரம் எனக் கலைச்சொற்கள் இருப்பினும், ஊர் வழக்கில் நிலைத்துவிட்ட டிராக்டர் என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கின்றோம்.

முதுமையிலும் உழைக்கும் எந்திரம்

சென்னையில் 1960இல் தொடங்கப்பெற்ற டாபே நிறுவனம் மாசி பெர்குசன் வகை டிராக்டரை இந்நாட்டிலேயே செய்து தந்தது. 1971இல் பிஞ்சோரில் எச்.எம்.டி. நிறுவனம் செக்கோசுலோவாக்கிய நாட்டின் ஜீட்டர் வகையைச் செய்யத் தொடங்கிற்று. அந்நிறுவனத்தின் டிராக்டர்ப் பிரிவை மூடிவிட மைய அரசு 2016இல் முடிவு செய்தது. ஆலை மறைந்தது, வண்டிகள் மறையவில்லை. தந்தை வாங்கிய வண்டியை மகன் ஓட்டுவதும், அவ்வண்டியே வண்டல் அள்ளுவதும், நெல் மூட்டை ஏற்றுவதும், கரும்பு சுமப்பதும் இன்றும் ஊர்தோறும் காணத்தக்க காட்சிகளே.

இவ்வண்டிகளின் நீண்ட ஆயுளுக்குக் காரணங்களுள் ஒன்று, அவற்றின் எஞ்சின் மின்சாரத்தை நம்பி வாழாமை. பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். பொறி நின்றால் எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினுக்கோ பொறி வேண்டுவதில்லை. உள்ளே இழுத்த காற்றை மிகுதியாக அழுத்தும்போது பிறக்கும் வெப்பமே டீசலைக் கொளுத்திவிடும். டீசலைப் பீய்ச்சும் பம்பினைச் சுழற்றுவது எஞ்சினின் பற்சக்கரமே. நிறுத்துவதற்கும் ஒரு கம்பியை இழுத்தால் போதும். ஆகவே ஒருமுறை கிளம்பிவிட்டால், பேட்டரி அடியோடு செத்துப் போயினும் பழைய டிராக்டர் பொழுது சாயும்வரை உழும். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு நெறி நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட எஞ்சின்கள் பரவி வருகின்றன. அவற்றுக்கு மின்சாரமே மூச்சு. யாம் பேசுவது அவற்றைப் பற்றியன்று.

மின்சாரமின்றியும் ஓடும் என்னும் இப்பெருமையே ஒரு சிறுமைக்கும் வித்தாயிற்று. செல்ப் எடுக்காவிடில் வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்து, விடியலில் சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொள்வர். சரிவில் நிறுத்திய வண்டி ஆளின்றித் தானே உருளும் ஆபத்தை எவரும் எண்ணுவதில்லை. விளக்கு எரியாவிடில், ‘நமக்கு வழி தெரியாதா?’ என்பர். இவ்வாறு மின்பழுது பொறுத்துக்கொள்ளப்படும் பழுதாகிவிட்டது. வயலில் நிற்கும்வரை அதனால் எவர்க்கும் கேடில்லை. வண்டி சாலையில் ஏறும்போதுதான் கேடு தொடங்குகிறது.

போகும் வழியும் திரும்பும் வழியும்

மின்னோட்டம் பேட்டரியின் ஒரு முனையினின்று புறப்பட்டு, விளக்கையோ மோட்டாரையோ கடந்து, மறுமுனைக்கே திரும்ப வேண்டும். வட்டம் எங்கு அறுந்தாலும் ஓட்டம் இல்லை. வீட்டில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி உண்டு. வண்டியில் போவதற்கே கம்பி. வருவதற்கு வண்டியின் இரும்புடம்பே வழி. இதனைப் பட்டறை வழக்கில் ‘எர்த்’ என்பர். நிலம் என்பது அதன் பொருளாயினும், இரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கு அதன் இரும்புடம்பே நிலம்.

பழைய பிரித்தானிய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையை உடம்போடு பிணைப்பர். 1960களில் அம்முறை மாறி, எதிர்முனையைப் பிணைக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஆகவே பழைய வண்டிக்குப் புதுப் பேட்டரி பொருத்துவோர் எம்முனை உடம்போடு சேர்ந்தது என்பதை முதலில் காண வேண்டும். டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் முனைகளை மாற்றிக் கொடுத்தால், அதனுள் இருக்கும் டையோடுகள் நொடியில் கருகும்.

அவ்வண்டிகளில் கம்பியின் நிறமே அதன் முகவரி. பழுப்பு, பேட்டரியினின்று நேரே வருவது, வெள்ளை, சாவி திறந்தால் உயிர்பெறுவது, பச்சை, சாவிக்குப்பின் பியூசைக் கடந்து செல்வது, நீலம், முன்விளக்குக்கு உரியது, சிவப்பு, பின்விளக்குக்கு உரியது, கறுப்பு, எர்த். ஆயினும் கிடைத்த கம்பியைக் கிடைத்த இடத்தில் முறுக்கிவிடும் கைகள் பல பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. சோதித்தே தெளிதல் வேண்டும்.

பாயின் சோதனை

எம் ஊர்க் கடைத்தெருவில் தகரக் கொட்டகை ஒன்றில் வண்டிகளுக்கு மின்வேலை செய்துவந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பர். நெடுங்காலம் அவர்தம் தலையாய கருவி, இரு கம்பிகள் பற்றவைத்த 12 வோல்ட் பல்பு ஒன்றே. பின்னாளில் மீட்டர் ஒன்றும் வாங்கினார். ‘பேட்டரி போய்விட்டது’ என்று வருவோரிடம் அவர் கேட்கும் முதற்கேள்வி, ‘யார் சொன்னது?’ என்பதாகும்.

எம் பெரியத்தாவின் மகனார் தம் டிராக்டருக்குப் புதுவண்ணம் பூசினார். சில கிழமைகளில் செல்ப் எடுக்காமற் போயிற்று. புதுப் பேட்டரி வாங்கினார், பயனில்லை. செல்ப் மோட்டாரைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பிச் சுருள் கட்டி வந்தார். அப்போதும் ‘டக்’ என்னும் ஓர் ஒலியே எழுந்தது. வண்டியைக் கட்டி இழுத்துப் பாயிடம் கொண்டுவந்தனர்.

“பேட்டரி புதுசு, செல்பும் புதுசாக் கட்டுனது. லைட்டும் பளிச்சுன்னு எரியுது பாய்” என்றார் அண்ணன்.

“லைட்டு எரியுறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. அது குடிக்கிறது ஒரு மிடறு, செல்பு கேக்குறது ஒரு குடம்” என்றார் பாய்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் குமிழிலும், மறுமுனையை எஞ்சினின் வண்ணம் படாத இரும்பிலும் வைத்து, செல்பை அழுத்தச் சொன்னார். வழி செம்மையாக இருப்பின் அவ்விரு இடங்களுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ இருத்தலாகாது. மீட்டரோ 3 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. எர்த் பட்டையின் முனையைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. பட்டையைக் கழற்றினால், அதனடியில் புதுவண்ணம் பளபளத்தது. உப்புத்தாளால் அவ்விடத்தை இரும்பு தெரியத் தேய்த்து மறையை இறுக்கினார். வண்டி உடனே கிளம்பிற்று.

மிடறு, குடம் என்று பாய் சொன்னதைக் கணக்கிலும் காட்டலாம். டிராக்டரின் செல்ப் மோட்டார் சுழலுங்கால் 300 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். வழியில் ஓரிணைப்பில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கு வீணாகும். 12இல் 3 என்பது காற்பங்கு. 5 வாட் பின்விளக்கோ அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதே தடை அவ்விளக்குக்கு ஒரு பொருட்டே அன்று. ஆகவே, ‘விளக்கு எரிகிறது, எனவே இணைப்புகள் நன்று’ என்னும் முடிபு பிழைபட்டது.

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய வேண்டும் என மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசையையே பாய் தம் தொழிலில் பின்பற்றினார். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருப்பின் அது நிறைந்தது. 12க்குக் கீழெனில் அதனைச் சார்ஜ் ஏற்றிய பிறகே மற்றவற்றைப் பற்றிப் பேச வேண்டும். செல்ப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் உள்வலிமையை ஐயுறலாம். பிறகு ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுங்குவதைக் கழற்றித் துலக்க வேண்டும். செல்பின் ஒலியும் ஒரு குறிப்பே. ‘டகடக’ என விரைந்து துடித்தால் பேட்டரி மெலிந்தது அல்லது இணைப்பு தளர்ந்தது. ஒரே ‘டக்’ எனில் சொலினாய்டின் தொடுமுனை கருகியிருக்கலாம்; மோட்டார் இறுகியிருக்கலாம்; அண்ணன் வண்டியைப் போல வழியில் தடையும் இருக்கலாம். ஒலியே இல்லையெனில் சாவியையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பின்னரே ஒரு பொருளை மாற்றுதல் தகும். ஊகத்தால் மாற்றிய பேட்டரிக்கும் சுருளுக்கும் அண்ணன் கொடுத்த விலை, ஒரு தாள் உப்புத்தாளின் விலையைப்போல் எத்தனையோ மடங்கு.

கைவைப்போர் மறவாதிருக்க வேண்டியதும் ஒன்றுண்டு. கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியினின்று வெளிப்படும் ஐதரசன் வளி சிறு பொறியாலும் வெடிக்கும். பீடியோடு பேட்டரியை எட்டிப் பார்ப்பது பார்வையை இழக்கும் வழி.

பட்டறைத் தமிழ்

கொட்டகையில் பாய் சொல்லக் கேட்ட சொற்கள் தமிழாசிரியராகிய எமக்கு விருந்தாயின. செல்ப் ‘எடுக்கும்’, சார்ஜ் ‘ஏறும்’, மின்சாரம் ‘இறங்கும்’, பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் படிவது ‘பூக்கும்’. பெயர்ச்சொற்கள் கடல் கடந்து வந்தவை. வினைச்சொற்களோ அனைத்தும் நம்முடையவை. பெயரை இரவல் வாங்கினும் வினையை மக்கள் தம் மொழியிலேயே ஆள்கின்றனர் என்பதற்கு இதனினும் நற்சான்று வேண்டா.

‘கட்-அவுட்’ என்றதும் நம் மாணவர்க்குத் திரையரங்க வாசலில் நிற்கும் நடிகரின் பேருருவமே நினைவில் எழும். பாய்க்கோ அது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் இடையே நிற்கும் சிறு வாயிற்காவலர். டைனமோவின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை மிஞ்சும்போது காவலர் வழி விடுவார். எஞ்சின் நின்றதும் வழியை அடைப்பார். அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் அடைப்பாரில்லை. இரவு முழுதும் பேட்டரி டைனமோ வழியே வடிந்து, காலையில் வெறுமையாய் நிற்கும். உரிமையாளர் பேட்டரியைப் பழிப்பார்.

சாவி திறந்ததும் எரியும் சிவப்புப் பல்பையும் பலர் பிறழ உணர்கின்றனர். பேட்டரியும் டைனமோவும் இருபுறம் நின்று இழுக்கும் கயிறு போன்றது அது. டைனமோ உறங்குங்கால் பேட்டரியின் மின்னோட்டம் பல்பைக் கடந்து அதற்குள் பாயும், பல்பு எரியும். எஞ்சின் ஓடி இருபுற அழுத்தமும் ஒத்தவுடன் பல்பு அணையும். எனவே ஓடும்போது அணைவது நலம். சாவி திறந்தும் எரியாதிருந்தால் பல்பு போயிருக்கலாம். டைனமோவின் கார்பன் தேய்ந்திருக்கலாம். அதனைக் கண்டு மகிழ்ந்திருத்தல் ஆகாது.

எரியாத பின்விளக்கு

எம்மை எழுதத் தூண்டிய காரணத்துக்கு இனி வருவோம். எம் மாமு ஒருவர் இஷா தொழுகை முடித்து, பக்கத்து ஊரினின்று இருசக்கர வண்டியில் திரும்பினார். சாலையோரம் மூட்டையேற்றிய டிரெய்லர் ஒன்று நின்றிருந்தது. எதிரே வந்த பேருந்தின் ஒளியில் கண் கூசிய அவர், டிரெய்லரின் பின்புறத்தில் மோதி அவ்விடத்திலேயே மவுத்தானார். டிரெய்லரில் பின்விளக்கு இல்லாமல் இல்லை. இருந்தது, எரியவில்லை.

காவல் நிலையத்தினின்று விடுவிக்கப்பெற்ற பின், வண்டியின் உரிமையாளரே அதனைப் பாயிடம் கொண்டுவந்தார். யாமும் அங்கிருந்தோம்.

“போன மாசந்தான் பல்பு மாத்துனேன் பாய். அல்லா மேல ஆணையா மாத்துனேன்” என்றார் அவர். அவர் கூறியது உண்மையே. பாய் பல்பைக் கழற்றிப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. தம் சோதனை விளக்கின் ஒரு கம்பியை டிராக்டரின் உடம்பில் மாட்டி, மறுகம்பியைப் பின்விளக்கின் சிவப்புக் கம்பியில் வைத்தார். சோதனை விளக்கு எரிந்தது. போகும் வழியில் குறையில்லை என்பது தெளிவாயிற்று. பின்பு உடம்பில் மாட்டியதைக் கழற்றி டிரெய்லரின் இரும்பில் மாட்டினார். எரியவில்லை. திரும்பும் வழி அறுந்திருந்தது.

அவ்வழி யாது? டிராக்டரையும் டிரெய்லரையும் பிணைக்கும் கொக்கியில் செருகும் இரும்பாணி ஒன்றே. டிரெய்லருக்கு விளக்குக் கம்பி இழுத்தவர் போகும் கம்பியை மட்டும் இழுத்துவிட்டு, திரும்பும் வேலையை அவ்வாணியிடம் விட்டுவிட்டார். துருவும் கிரீசும் சேறும் அப்பிய ஆணி அது. வண்டி குலுங்கி இரும்பும் இரும்பும் உரசும்போது விளக்கு எரியும், நின்றால் அணையும். பல்பு மாற்றிய அன்று எரிந்ததற்கும், மாமு வந்த இரவில் எரியாததற்கும் காரணம் இதுவே. பாய் ஒரு கறுப்புக் கம்பியை டிராக்டரின் உடம்பினின்று டிரெய்லரின் விளக்குவரை தனியே இழுத்து, இரு முனைகளையும் துலக்கிப் பூட்டினார். விளக்கு நின்று எரிந்தது. உரிமையாளர் அவ்விளக்கைப் பார்த்தவாறே நெடுநேரம் நின்றார். எவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று தொட்டு எமக்கு விளங்கிய உண்மை இது. வண்டியிலுள்ள விளக்குகளுள் முன்விளக்கு ஓட்டுபவர்க்குப் பயன்படும். பின்விளக்கு ஓட்டுபவர் கண்ணில் படுவதே இல்லை. அது எரிந்தாலும் அணைந்தாலும் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் ஒன்றே. அதன் பயன் முழுதும் பின்னால் வரும் முன்பின் அறியாத ஒருவருக்கு உரியது. ஆதலின் அதனைப் பேணுவது பழுதுபார்க்கும் வேலையோடு அடங்குவதன்று; அது அண்டை வழிப்போக்கருக்கு நாம் செலுத்த வேண்டிய அமானிதம். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் தருமமாக எண்ணியவர் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இருளில் விளக்கின்றி நிற்கும் டிரெய்லரினும் கொடிய இடையூறு பாதையில் வேறு யாது?

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரவில் செல்லும் வண்டிகளுக்கு விளக்குகளை விதித்துள்ளன. சட்டத்தின் கை எட்டாத வரப்போரச் சாலைகளில் மனச்சான்றே காவலர்.

செய்யத்தக்கது

செய்ய வேண்டியவை எளியவை. டிரெய்லருக்குத் தனி எர்த் கம்பி இழுத்தல். இணைக்கும் பிளக்கைத் துலக்கி வைத்தல். எலி கடித்த கம்பியைத் துணி சுற்றி மறைக்காது மாற்றுதல். பேட்டரி முனையில் பூத்ததை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி வாசலின் தடவுதல். பின்புறம் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை ஒட்டினால், மின்சாரம் அடியோடு இறந்தாலும் அது பின்னால் வருவோரின் விளக்கொளியில் விழித்திருக்கும். இந்நாளில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவன. அவற்றுக்கும் திரும்பும் வழி வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

பாய் இன்றில்லை. அவர் கொட்டகை இருந்த இடத்தில் வேறு கடை வந்துவிட்டது. ஆயினும் அவர் முறையைக் கற்க ஒரு பிற்பகல் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் முகாமுக்குச் செல்லும் சிற்றூரில் மரம் நடுகின்றனர். கோயிலும் பள்ளிவாசலும் கூட்டித் தூய்மை செய்கின்றனர். அவற்றோடு, அறுவடைக்கு முன் ஒருநாள் மாலை ஊரிலுள்ள டிரெய்லர்களை வரிசையில் நிறுத்தி, ஒரு சோதனை விளக்கும் ஒரு சுருள் கறுப்புக் கம்பியும் ஓர் உப்புத்தாளும் கொண்டு பின்விளக்குகளைச் சோதித்துத் தரலாம். இயற்பியல் துறை மாணவர் சோதிக்கட்டும்; தமிழ்த்துறை மாணவர் அங்கு வழங்கும் பட்டறைச் சொற்களைத் தொகுக்கட்டும். இரு துறையும் கூடிச் செய்யத்தக்க இப்பணியை வரும் முகாமிலேயே தொடங்குமாறு எம் மாணவச் செல்வங்களை வேண்டுகின்றோம்.